மலிவுப் படமும் மாட்டிடையன் பாட்டும்

'மலிவு' என்னுஞ் சொல்லை நாம் இருபொருளில் வழங்குகின்றோம். விலை குறைந்தது என்பது ஒன்று. மதிப்புக் குறைந்தது என்பது மற்றொன்று. முன்னையது கணக்கு, பின்னையது தீர்ப்பு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கும் வழக்கம் சந்தையோடு நின்றுவிடவில்லை, படமாளிகைக்கும் வந்துசேர்ந்திருக்கிறது. பெருந்தொகை செலவிட்ட படமே பெரும்படம் என்றெண்ணும் மாணவர் பலரை நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். அவர்தம் சிந்தனைக்காகவும், வீட்டிலே படக்கதை பேசி மகிழும் பெற்றோருக்காகவும் ஒரு சிறு படத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அப்படம் 1935ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்காவிலே வெளிவந்தது. ஏறக்குறைய ஒரு மணிநேரத்தில் ஓடி முடிந்துவிடும். அதன் கதாநாயகர் நடிப்புக் கலையைப் பயின்றவரல்லர். கிற்றார் மீட்டி நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வானொலியிற் புகழ்பெற்றவர். பாடகரின் பெயர் ஜீன் ஓட்ரி. படத்தின் பெயர் 'டம்பிளிங் டம்பிள்வீட்ஸ்'. காற்றிலே உருண்டோடும் முட்செடிகள் என்பது அதன் பொருள்.

இடையனும் இசையும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிவுற்றதும், டெக்சாஸ் மாநிலத்துப் பெருமந்தைகளைப் புல்வெளி வழியே நூற்றுக்கணக்கான மைல் நடத்திச்சென்று கன்சாஸ் மாநிலத்துப் புகைவண்டி நிலையங்களிற் சேர்க்குந் தொழில் பெருகியது. அத்தொழில் செய்த குதிரைக்காரரையே உலகம் கௌபோய் என அறியும். நம் மொழியிலே மாட்டிடையர் எனலாம். முள்வேலி எழுந்து புல்வெளிகள் அடைபட்டமையாலும், புகைவண்டிப் பாதைகள் தெற்கே நீண்டமையாலும் இருபது ஆண்டுகளுக்குள் அந்த நெடும்பயணங்கள் அருகிவிட்டன. தொழில் குறுகிய காலமே நிலைத்தது. அதனைப்பற்றிய கதையோ இன்றுவரை நிலைக்கின்றது.

இவ்விடையர் பாடியது வெறுங் கற்பனையன்று. இரவுக் காவலிலே மந்தையைச் சுற்றிவரும்போது, மாடுகள் மிரளாதிருக்கும்பொருட்டு மெல்லப் பாடிச் செல்வது அவர்தம் வழக்கம். அப்பாடல்கள் பலவற்றை ஜோன் லோமாக்ஸ் என்னும் அறிஞர் தொகுத்து 1910ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். ஆகவே, குதிரைமேலிருந்து பாடும் வீரனைத் திரையிற் கண்டு நகைப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். துப்பாக்கிச் சண்டையைக் காட்டிலும் பாட்டே அந்தத் தொழிலின் அன்றாட வழக்கோடு நெருங்கியது.

பேசும்படம் தோன்றியதும் படக்காரர் இதனை உணர்ந்தனர். 1930ஆம் ஆண்டிலேயே கென் மேனார்ட் என்னும் நடிகர் தம் படத்திற் பாடினார். 1933இல் ஜோன் வெய்ன் பாடும் வீரனாகத் தோன்றினார். ஆயினும் வாயசைத்தவர் அவர், குரல் கொடுத்தவர் வேறொருவர். குதிரையேறத் தெரிந்த நடிகருக்குப் பாட்டு வாய்க்கவில்லை. பாடத் தெரிந்த ஒருவரைக் குதிரையேற்றுவதே எளிதென ஒரு தயாரிப்பாளர் எண்ணியதில் வியப்பில்லை.

தந்திக்காரர் பாடகரானமை

ஜீன் ஓட்ரி 1907ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்திலே தியோகா என்னும் சிற்றூரின் அருகிற் பிறந்தவர். இளமையில் ஒக்லஹோமா மாநிலத்துப் புகைவண்டி நிலையங்களிலே தந்தி அனுப்பும் உத்தியோகம் பார்த்தார். வேலை குறைந்த இரவுகளிலே கிற்றாரை எடுத்துப் பாடுவார். அவ்வாறு பாடுகையிலே, நாடறிந்த நகைச்சுவையாளரான வில் ரோஜேர்ஸ் தந்தி கொடுக்க வந்தவர் கேட்டு, வானொலிக்குச் செல்லுமாறு அறிவுரை கூறினாரென ஓட்ரி பிற்காலத்திற் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வானொலிக்கு அவர் சென்றது உண்மை. அங்கே வென்றதும் உண்மை. முதலில் துல்சா நகரத்து நிலையம். பின்னர் சிக்காகோ நகரத்தின் டபிள்யு.எல்.எஸ். நிலையம். அந்நிலையத்தின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியான 'நாஷனல் பார்ன் டான்ஸ்' வயலும் பண்ணையும் சூழ்ந்த மத்திய மாநிலங்களெங்கும் குடும்பங்களை வானொலிப் பெட்டியின் அருகே கூட்டியது. புகைவண்டி உத்தியோகத்தில் உடனிருந்த ஜிம்மி லோங் என்பவரோடு சேர்ந்து 1931இல் ஓட்ரி ஓர் இசைத்தட்டுப் பாடினார். நரைத்த தலைத் தந்தையை எண்ணி மகன் மனம் வருந்தும் பாட்டு அது. அவருடைய முதற் பெரும் வெற்றி அதுவே. அஞ்சல்வழி வாணிகம் நடத்திய சியர்ஸ் நிறுவனம் அவர் பெயர் பொறித்த கிற்றார்களையும் பண்ணை வீடுகளுக்கு விற்றது. திரையிலே தோன்றுமுன்னரே, கிராமத்தவருக்கு அவர் அயலவர்போல ஆகிவிட்டார்.

1934இல் நாற் லெவின் என்னும் சிக்கனத் தயாரிப்பாளர் ஓட்ரியை ஹொலிவூட்டுக்கு அழைத்து, கென் மேனார்டின் படமொன்றிலே சில நிமிடம் பாடச்செய்தார். அடுத்துவந்த 'பான்டம் எம்பயர்' என்னும் 12 பகுதித் தொடர்படம் விசித்திரமானது. பூமிக்கடியிலே விஞ்ஞானத்தில் முன்னேறிய ஒரு நகரம். அங்கே அகப்பட்டுக்கொள்ளும் பாடகர், வானொலியிலே நாடோறும் பாடாவிடில் ஒப்பந்தம் முறியுமென்பதால் எப்படியேனும் மேலேறி வந்து பாடிவிட்டுச் செல்வார்! கதையைக் கேட்டு இன்று சிரிக்கலாம். எனினும் ஒப்பந்தத்துக்கு அஞ்சி ஓடும் தொழிலாளியின் நிலை அக்காலத்தவருக்குப் புதிதன்று.

சிறு படத்தின் பெருங் கணக்கு

அக்காலம் எத்தகையது என்பதையும் நோக்குவோம். 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. வங்கிகள் மூடப்பட்டன, கோடிக்கணக்கானோர் வேலையிழந்தனர். புல்வெளி மாநிலங்களிலே மழை பொய்த்து, உழுத நிலத்தின் மேல்மண் புழுதியாய்ப் பறந்தது. படமாளிகைக்காரர் இருக்கைகளை நிரப்பும்பொருட்டு ஒரு சீட்டுக்கு இரண்டு படம் காட்டலாயினர். முதற்படம் பெரிய நிலையத்தினது. இரண்டாம் படம் சிறியது. இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவற்றையே 'பி படம்' என்றனர். பெரும்படத்துக்கு வசூலில் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். சிறு படத்துக்கோ முன்கூட்டியே வரையறுத்த வாடகையே. ஆகவே, எத்துணைபேர் வந்து பார்ப்பினும் தயாரிப்பாளருக்குக் கிடைக்குந் தொகை பெரிதும் கூடாது. இலாபம் வேண்டின் செலவைக் குறைப்பதொன்றே வழி.

இந்தக் கணக்கை நன்கறிந்தவர் ஹேர்பேர்ட் யேட்ஸ். படச்சுருளைக் கழுவிப் பிரதியெடுக்கும் நிலையத்தின் அதிபர் அவர். சிறு தயாரிப்பாளர் பலர் அவருக்குக் கடன்பட்டிருந்தனர். 1935இல் அவர் லெவினுடைய மஸ்கொட் நிறுவனத்தையும் மொனோகிராம் முதலிய வேறு சிலவற்றையும் ஒன்றிணைத்து ரிபப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கினார். அப்புதிய நிறுவனம் முதன்முதலில் வெளியிட்ட படங்களுள் ஒன்றே நாம் கூறவந்த படம்.

இயக்குநர் ஜோசப் கேன் முன்னர் செலோ வாத்தியக்காரராயும், பின்னர்ப் படத்தொகுப்பாளராயும் விளங்கியவர். இசையின் காலக்கணக்கும் வெட்டி ஒட்டும் சிக்கனமும் ஒருவரிடமே அமைந்திருந்தமை இத்தகைய படத்துக்குப் பெருந்துணையாயிற்று. கதையும் எளிது. ஐந்தாண்டு பிரிந்திருந்த மகன், மருந்து விற்கும் கூத்துக் குழுவொன்றிற் பாடகனாக ஊர் திரும்புகின்றான். தந்தை கொலையுண்டார் என்பதையும், தன் இளமைத் தோழன்மேற் பழி சுமத்தப்பட்டிருப்பதையும் அறிகின்றான். மெய்க் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது மிகுதிக் கதை. நகைச்சுவைக்கு ஸ்மைலி பேர்னெட்; மருந்துக் குழுவின் தலைவராக ஜோர்ஜ் ஹேய்ஸ். குதிரைக்கும் மலைப்பாறைக்கும் கலிபோர்ணியா வெயிலுக்கும் பெருஞ்செலவில்லை.

பாட்டு எதற்கு? அழகுக்கு மட்டுமன்று, சிக்கனத்துக்குங் கூட. ஒரு துரத்தற்காட்சிக்குப் பல குதிரைகள் வேண்டும், சாகசக்காரர் வேண்டும், ஆபத்தும் உண்டு. ஒரு பாட்டுக்கோ பாடகரும் கிற்றாரும் ஒரு மரநிழலும் போதும். திரையிலே மூன்று நிமிடம் நிறைந்துவிடும். வானொலியும் இசைத்தட்டும் அப்பாடலை முன்னரே வீடுதோறும் பரப்பியிருக்கும். படத்துக்கு அதனினுஞ் சிறந்த விளம்பரம் வேறில்லை. பெருநிலையங்கள் விளம்பரத்துக்குச் செலவிட்ட பணத்தை ஓட்ரியின் குரலே மிச்சப்படுத்திக் கொடுத்தது.

எனினும் கணக்கினால் மட்டும் கலை உண்டாவதில்லை. நரைத்த தலைத் தந்தையைப்பற்றிய அந்தப் பழைய பாட்டு இப்படத்திலும் வருகின்றது. வானொலியிலே கேட்டபோது அது பொதுவான துயரம். தந்தையை இழந்து திரும்பிய மகன் பாத்திரத்தின் வாயிலே அது தனக்கேயுரிய இடத்தை அடைகின்றது. நடிக்கத் தெரியாதவரென ஓட்ரியைப் பலர் குறைகூறினர். அவரிடம் நடிப்பை எதிர்பாராது பாட்டையே கதையின் உணர்ச்சிக்குக் கருவியாக்கினமை இயக்குநரின் அறிவுடைமை எனலாம்.

படத்துக்குப் பெயர் தந்த பாட்டு பொப் நோலன் இயற்றியது. அவர் கனடா நாட்டிற் பிறந்தவர். பாட்டிலே வரும் முட்செடியும் அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. 1870களிலே ரஷ்யாவிலிருந்து வந்த ஆளிவிதையோடு கலந்துவந்து, அமெரிக்கப் புல்வெளியெங்கும் பரவிய களை அது. காய்ந்தபின் வேரின்மேலே முறிந்து, காற்றிலே உருண்டு விதைகளைத் தூவிச்செல்லும். மேற்குப் புலத்தின் அடையாளமென உலகம் கொண்டாடும் செடியும் வந்தேறியதே என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

கிராமத்தின் துன்பம் திரையில்

இப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து ஓட்ரி ஆண்டுதோறும் பல படங்களில் நடித்தார். அவற்றுள்ளே ஒரு புதுமை உண்டு. குதிரையும் மோட்டார் வண்டியும், துப்பாக்கியும் வானொலியும் ஒரே ஊரில் இருக்கும். பழங்காலக் கதையென்று தொடங்கியது பார்ப்பவரின் சொந்தக் காலத்துக்குள் நுழைந்துவிடும். 1938இல் வந்த 'தி ஓல்ட் பார்ன் டான்ஸ்' படத்திலே பாடகர் குதிரை வியாபாரி. உழவருக்குத் தவணைமுறையில் இயந்திரங்களை விற்றுப் பின்னர்ப் பறிக்கும் டிராக்டர் கம்பனியே அங்கு எதிரி. 1939இல் வந்த 'றோவின் டம்பிள்வீட்ஸ்' படத்திலே வெள்ளத்தடுப்புச் சட்டத்துக்காக வாதாட அவர் காங்கிரஸ் சபைக்கே செல்கின்றார்.

கடனில் மூழ்கிய உழவன் தன் எதிரியின் முகத்தைத் திரையிலே கண்டான். அந்த எதிரி ஒரு மணிநேரத்துக்குள் பாட்டோடு தோற்பது வாழ்க்கையின் உண்மையன்று. ஆயினும், தன் துன்பமும் ஒரு கதைக்குரிய பொருளே என்னும் மதிப்பு அவனுக்குக் கிடைத்தது. மாளிகைகளையும் மதுக்கூடங்களையும் காட்டிய பெரும்படங்கள் பல அவனுக்கு அந்த மதிப்பை அளிக்கவில்லை. படமாளிகைக்காரரிடம் கேட்டறிந்த கணிப்புகளிலே 1937 முதல் 1942 வரை மேற்குப்புலப் பட நடிகருள் முதலிடம் ஓட்ரிக்கே. 1940இலே எல்லா வகை நடிகருள்ளும் நான்காமிடம். மிக்கி ரூனி, ஸ்பென்சர் டிரேசி, கிளார்க் கேபிள் ஆகிய மூவரே அவருக்கு முன்னின்றனர்.

மலிவின் சுமை யார்மேல்?

இதுவரை மலிவின் பெருமையைக் கூறினோம். இனி ஒரு வினாவை எழுப்பாது விடுவது நேர்மையன்று. ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கும்போது, மிகுதிவிலையை வேறெவரோ செலுத்துகின்றனர். அவர் யார்?

முதலாவதாக, உழைத்தவர். குதிரையிலிருந்து விழுந்தும் வண்டியோடு கவிழ்ந்தும் எலும்பு முறிந்த சாகசக்காரர் பெயர் பெரும்பாலும் விளம்பரத் தாளில் இடம்பெறுவதில்லை. இரண்டாவதாக, திரையினின்றும் விடுபட்டவர். மெய்யான மாட்டிடையருள் மெக்சிக்கரும் கறுப்பினத்தவரும் பெருந்தொகையினர். கயிறெறிதல், சேணம் முதலிய தொழில்நுட்பம் பலவும் மெக்சிக்க இடையரிடமிருந்து வந்தவையே. இப்படங்களிலோ அவர்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காணப்பட்டாலும் வேலையாளாகவோ நகைப்புக்குரியவராகவோ நிற்பர். பாட்டை ரசிக்கும் நாம் இக்குறையை மறைத்தல் தகாது.

மூன்றாவதாகச் சுமை சுமந்தவர் சிற்றூர்ப் படமாளிகைக்காரர். ஓட்ரி ஊரூராகச் சென்று மேடையிற் பாடும் வழக்கமுடையவர். அவ்வாறு செல்கையிலே ஓர் உண்மையை அவர்கள் வாயிலாகவே அறிந்தார். அவருடைய படம் வேண்டுமாயின், ரிபப்ளிக் நிறுவனத்தின் வேறு படங்களையுஞ் சேர்த்து வாங்கியாகவேண்டும். விலைபோகும் ஒன்றோடு விலைபோகாத பலவற்றைக் கட்டித் தலையிற் சுமத்தும் இம்முறையை மொத்தக் கொள்முதல் எனலாம். பெரிய நிலையங்கள் அனைத்தும் கையாண்ட முறைதான் இது. ஓட்ரியின் பெயர் கயிறாகி, சிறு முதலாளிகளின் கழுத்தை இறுக்கியது.

1938இன் தொடக்கத்திலே அவர் அடுத்த படத்துக்கு வர மறுத்துவிட்டார். சம்பள உயர்வு அவர் கேட்டவற்றுள் முதன்மையானது. அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை. தம் குரலால் நிறுவனம் பெருகியிருக்கத் தம் கூலி சிறுத்திருப்பதை எதிர்ப்பது குற்றமன்று. எனினும், படமாளிகைக்காரர்மேல் மற்றப் படங்களைச் சுமத்துவதையும் அவர் கண்டித்தார். நிறுவனம் நீதிமன்றத்தை நாடி, அவர் வேறிடங்களிற் பாடுவதைத் தடுக்க முற்பட்டது. அத்தோடு, முன்னர்ச் சிறு வேடங்களில் வந்த லெனட் ஸ்லை என்னும் இளம் பாடகருக்கு ரோய் ரோஜேர்ஸ் எனப் பெயரிட்டு, 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்' என்னும் படத்திலே கதாநாயகராக்கியது. இயக்குநர் அதே ஜோசப் கேன். நகைச்சுவை அதே ஸ்மைலி பேர்னெட். அப்படமும் வென்றது. ஓட்ரியும் ஜோனி மார்வினும் இயற்றிய, புழுதிப் புயலைப்பற்றிய பாட்டொன்று அப்படத்திலே இடம்பெற்று அக்கடமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. பணிக்கு வராத பாடகரின் பாட்டு, அவருடைய இடத்துக்கு வந்தவரின் வாயில் ஒலித்தது! உழைப்பாளியை மாற்றிவிடலாம் என்று காட்டப் புகுந்த நிறுவனம், அவரது ஆக்கமின்றி அதனைக் காட்டமுடியவில்லை.

அவ்வாண்டிலேயே இணக்கம் ஏற்பட்டு, கூடிய சம்பளத்தோடு ஓட்ரி திரும்பினார். மொத்தக் கொள்முதலோ உடனே ஒழியவில்லை. அதனைச் சட்டவிரோதமென 1948ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம், பரமவுண்ட் முதலிய பெருநிலையங்களுக்கெதிரான வழக்கிலே தீர்ப்பளித்தது. ஒரு பாடகரின் மறுப்பு அந்தத் தீர்ப்பைக் கொணர்ந்ததெனக் கூறுதல் மிகையாகும். ஆனால், சிறு கொட்டகைக்காரரின் முறைப்பாடு நியாயமானதென நாட்டின் உயர்நீதிபீடம் ஏற்கப் பத்தாண்டு சென்றது என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

பின்னர் நிகழ்ந்தவை

1942இல் ஓட்ரி விமானப்படையிற் சேர்ந்தார். தம் வானொலி நிகழ்ச்சியிலேயே அவர் உறுதிமொழி எடுத்ததை நாடே கேட்டது. இந்தியா, பர்மா, சீனப் போர்முனையிலே சரக்கு விமானமோட்டியாகவும் பணிபுரிந்தார். போரிலே கழிந்த ஆண்டுகளை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டவேண்டுமென ரிபப்ளிக் நிறுவனம் வாதிட்டபோது, அவர் வழக்காடினார். 1947இல் கலிபோர்ணியாவின் உச்சநீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் சொந்தமாகப் படம் எடுத்தார். தொலைக்காட்சி வந்ததும் அதனை அஞ்சாது அங்கேயும் நிகழ்ச்சி தயாரித்தார். தந்திக்காரராக வாழ்வைத் தொடங்கியவர் பெருஞ்செல்வரானார். 1988இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே மேற்குப்புல வரலாற்றுக்கென ஒரு நூதனசாலையை நிறுவினார். திரையிலே விடுபட்ட பல்வேறு மக்களின் வரலாறும் இன்று அங்கே இடம்பெறுகின்றது. 1998ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தமது 91ஆம் வயதில் ஓட்ரி காலமானார்.

அன்றைய திறனாய்வாளர் இப்படங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. இன்று திரைப்பட வரலாறு எழுதுவோர், பொருளாதார நெருக்கடிக் காலத்துக் கிராம மக்கள் எதனை நாடினர், எதற்கு அஞ்சினர் என்றறிய இவற்றை நாடுகின்றனர். பெரும்படம் தன் காலத்தின் கனவைக் காட்டுகிறதெனின், சிறு படம் தன் காலத்தின் பணப்பையைக் காட்டுகிறது எனலாம்.

மாணவர்க்கு நாம் கூறவிரும்புவது இதுவே. ஒரு கலைப்பொருளை மதிப்பிடும்போது எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதில் தவறில்லை. ஆனால், அக்கேள்வியோடு நில்லாது, அது யாருக்காக ஆக்கப்பட்டது, அதன் சுமையை யார் தாங்கினர், யாரை அது மறந்தது என்னும் மூன்றையுங் கேளுங்கள். கிற்றாரும் குதிரையுமாக வந்த அந்த ஒரு மணிநேரப் படம் முதற்கேள்விக்குப் பெருமையோடு விடைசொல்லும். மற்ற இரண்டுக்கும் சற்றே தலைகுனிந்து விடைசொல்லும். பெரும்படங்களிடமும் இவற்றைக் கேட்டுப் பார்த்தால், தலைநிமிர்ந்து விடைசொல்வன சிலவே என்பது புலனாகும்.